மூன்றரை நிமிடப் பார்வை

மணப்பாறைக்கு நேர் மேலே, 600 கி.மீ. உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் வடக்கிலிருந்து தெற்காகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டப்பகல். மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. அதே நேரத்தில், ஏறத்தாழ 400 கி.மீ. வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இருக்கும் ரேடாரின் பார்வையில் அது பட்டுவிடும். வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 210 பாகை, அதாவது தென்மேற்குப் பக்கம். தரையிலிருந்து 53 பாகை உயரம். தூரம் 730 கி.மீ. இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து வைத்துக்கொண்டால் பள்ளிக்கூடக் கோணவியலிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

மூன்று எண்கள். அந்தக் கணத்தில் பொருள் எங்கே இருந்தது என்று அவை சொல்லும், அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரத்தில் எங்கே இருக்கும், நாளை எத்தனை மணிக்கு மறுபடி நம் வானத்துக்கு வரும், வருகிற வியாழக்கிழமை வேறொரு செயற்கைக்கோளின் மேல் மோதுமா என்பதெல்லாம் அந்த மூன்று எண்களில் இல்லை. நமக்கு வேண்டியதோ அவைதான். இருந்த இடத்திலிருந்து இருக்கப்போகும் இடத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம்.

விமான நிலைய ரேடாருக்கு இந்தத் தலைவலி கிடையாது. திருச்சியில் இறங்க வரும் விமானம் அடுத்த நிமிடம் எங்கே இருக்கும் என்பது விமானியின் கையில் இருக்கிறது. ஆகவே ரேடார் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பார்ப்பதை நிறுத்தினால் விமானத்தின் இருப்பிடம் போய்விடும். செயற்கைக்கோள் அப்படி இஷ்டத்துக்குத் திரும்பாது. எஞ்சினை இயக்காதவரை அது பூமியின் ஈர்ப்பு இழுக்கிற பாதையில்தான் போயாக வேண்டும். ஒரு கணத்தில் அது இருக்கும் இடமும், போகும் வேகமும் திசையும் தெரிந்துவிட்டால் மிச்சத்தை நியூட்டனின் விதி பார்த்துக்கொள்ளும். இடத்துக்கு மூன்று எண்கள், வேகத்துக்கு மூன்று எண்கள். ஆக, ஆறு. இந்த ஆறும் கைக்கு வந்துவிட்டால் பாதை வந்துவிட்டது என்று அர்த்தம். பாதையின் அளவு, நீள்வட்டம் எவ்வளவு நசுங்கியிருக்கிறது, நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று வானியலாளர்கள் வேறு ஆறு எண்களாகவும் இதை எழுதுவார்கள். எப்படி எழுதினாலும் எண்ணிக்கை மாறாது.

இந்த எண்ணிக்கையில் இரண்டு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது.

1872 நவம்பர் 27 இரவு ஐரோப்பிய வானத்தில் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டின. பியேலா என்ற வால்நட்சத்திரம் 1846-ல் இரண்டாக உடைந்து, 1852-ல் கடைசியாகத் தென்பட்டு, அதற்குப் பிறகு காணாமல் போயிருந்தது. அதன் பாதையில்தான் பூமி அன்றிரவு புகுந்திருந்தது. ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த கிளிங்கர்ஃப்யூஸ் என்ற வானியலாளருக்கு ஒரு யோசனை: பூமியை உரசிவிட்டு வால்நட்சத்திரம் தென்வானத்துப் பக்கம் போயிருக்க வேண்டும்; ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது; நுங்கம்பாக்கத்திலிருந்து தெரியும். நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்துக்கு அப்போது பொறுப்பாளர் நார்மன் போக்சன். ஆசியாவிலிருந்து முதன்முதலாக ஒரு குறுங்கோளை, 1861-ல், கண்டுபிடித்து அதற்கு ‘ஏசியா’ என்றே பெயர் வைத்தவர். அவருக்குத் தந்தி பறந்தது: பியேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டுவிட்டது, சென்டாரஸ் விண்மீன் கூட்டத்துப் பக்கம் தேடிப் பாருங்கள்.

போக்சன் தேடினார். ஒரு வால்நட்சத்திரம் அகப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு விடியல்களில் அது இருந்த திசையைக் குறித்துக்கொண்டார். மூன்றாவது அளவுக்கு வானம் இடம் கொடுக்கவில்லை. டிசம்பர் மாதச் சென்னை, சொல்ல வேண்டுமா?

தொலைநோக்கி ஒரு பார்வையில் இரண்டு கோணங்களைத்தான் தரும், தூரத்தைத் தராது. இரண்டு விடியலுக்கு நான்கு எண்கள். வேண்டியது ஆறு. கோணங்களை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று பார்வைகளில் பாதையைக் கண்டுபிடிக்கும் வழியை 1801-ல், தன் 24-ஆம் வயதில், சீரிஸ் குறுங்கோளைத் தேடும்போது கவுஸ் காட்டியிருந்தார். மூன்று பார்வை வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது. நான்கு எண்களுக்குப் பொருந்தும் பாதைகள் கணக்கில்லாமல் உண்டு. போக்சன் பார்த்தது எது என்று இன்றுவரை தீர்க்கமாகச் சொல்ல முடியவில்லை. பியேலாவாக இருக்க வாய்ப்பில்லை என்று பிற்காலத்துக் கணக்குகள் சொல்லின. பாதை தெரியாத வால்நட்சத்திரங்களின் பட்டியலில் அது தங்கிவிட்டது.

போக்சனுக்கு இல்லாமல் போன அந்த ஓர் அளவைத்தான் ரேடார் தருகிறது: தூரம்.

வேலை செய்யும் விதம் எளிது. ரேடியோ அலையை ஒரு துடிப்பாக அனுப்புகிறார்கள். அது பொருளில் பட்டுத் திரும்புகிறது. போய் வந்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம். மணப்பாறைக்கு மேலே இருப்பதைத் தொட்டு ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் திரும்ப ஆகும் நேரம் ஆயிரத்தில் ஐந்து நொடிக்கும் கொஞ்சம் குறைவு. அலை திரும்பிய திசையிலிருந்து இரண்டு கோணங்கள் கிடைக்கின்றன. பொருள் நம்மை நெருங்கினால் திரும்பும் அலையின் அதிர்வெண் கூடும், விலகினால் குறையும். இது டாப்ளர் விளைவு. அலைநீளம் 20 செ.மீ. என்று வைத்தால், நொடிக்கு ஒரு மீட்டர் நெருங்குவது அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸ் மாற்றும். அளக்கக்கூடிய மாற்றம்தான். ஆக, ஒரே பார்வையில் நான்கு எண்கள் வரை கிடைத்துவிடுகின்றன. இரண்டு பார்வையில் ஆறுக்கு மேல் வந்துவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறதென்றால், எதிரொலி மிகவும் மெலிந்து வருகிறது. போகும்போதும் அலை விரிகிறது, திரும்பும்போதும் விரிகிறது. அதனால் தூரம் இரட்டித்தால் திரும்பி வரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிவிடும். தூரத்தின் நான்காம் அடுக்கு என்ற இந்த விதியிடம் எந்த ரேடாராலும் தப்ப முடியாது. ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ நிறுவியிருக்கும் பல்பொருள் ரேடார், எல் பேண்ட் அலைகளில் இயங்குவது, 1,000 கி.மீ. தூரத்தில் அரை மீட்டருக்கு அரை மீட்டர் பரப்புள்ள பொருளைப் பின்தொடரும். கற்றையை மின்னணு முறையில் சட்டென்று திருப்புவதால் ஒரே நேரத்தில் 10 பொருள்களைக் கவனித்துக்கொள்ளும். மணப்பாறைக்கு மேலே போகும் நம் செயற்கைக்கோள் அந்த 1,000 கி.மீ. எல்லைக்குள் புகுந்து வெளியேறும் நேரம் ஏறத்தாழ மூன்றரை நிமிடம். மகாராஷ்டிரத்துக்கு மேலே புகுந்தால் குமரிக்குத் தெற்கே கடலுக்கு மேலே போய் மறைந்துவிடும். ரேடாருக்குக் கிடைப்பது இவ்வளவுதான். இந்த மூன்றரை நிமிடத்தில் நூற்றுக்கணக்கான அளவுகளை அள்ளிக்கொள்ளலாம். அவற்றின் தரம்தான் சீராக இருக்காது.

தூரத்தை ரேடார் நன்றாக அளக்கும். சில பத்து மீட்டர் பிசகு என்று வைத்துக்கொள்வோம். கோணத்தை அவ்வளவு நன்றாக அளக்காது. பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகு என்றால் கேட்கும்போது சின்னதாகத்தான் தெரிகிறது, 730 கி.மீ. தள்ளி அது 1.3 கி.மீ. ஆகிவிடுகிறது. எனவே “செயற்கைக்கோள் இங்கே இருக்கிறது” என்று ரேடார் சொல்லும்போது, அது காட்டுவது ஒரு புள்ளியை இல்லை, ஒரு தோசையை. ஒன்றரை கிலோமீட்டர் அகலம், சில பத்து மீட்டர் தடிமன், முகம் ரேடாரைப் பார்த்தபடி. பொருள் அந்தத் தோசைக்குள் எங்கேயோ இருக்கிறது. அது வானத்தின் குறுக்கே நகர நகர, ரேடார் அதைப் பார்க்கும் திசையும் திரும்புகிறது, தோசையும் திரும்புகிறது. வெவ்வேறு சாய்வில் கிடக்கும் தோசைகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் நிச்சயம் கூடுகிறது. ஆகவே நெட்டுக்குத்தாகத் தலைக்குமேல் ஒரு பார்வை, அடிவானத்துப் பக்கம் இன்னொரு பார்வை என்று திசை மாறிக் கிடைத்தால் கணக்குப் போடுகிறவருக்குக் கொண்டாட்டம். ஆனால் அடிவானத்துப் பக்கம் போனால் வளிமண்டலமும் அதற்கு மேலே அயனமண்டலமும் அலையை வளைத்துத் தாமதப்படுத்துகின்றன. அதையும் கணித்துக் கழிக்க வேண்டும்.

இன்னும் சில சில்லறைக் கணக்குகள் உண்டு. அவை சில்லறை என்று தோன்றுவதுதான் ஆபத்து. செயற்கைக்கோள் நொடிக்கு 7.56 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ரேடாரின் கடிகாரம் ஆயிரத்தில் ஒரு நொடி தப்பினால் ஏழரை மீட்டர் தப்பியதாகிறது. ரேடாரே சும்மா நிற்பதில்லை. பூமியோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் நகர்கிறது. பூமியில் அது ஊன்றியிருக்கும் இடத்தை மீட்டர் கணக்கில் அறிந்திருக்க வேண்டும். தன் இடத்தைத் தெரியாதவன் அடுத்தவன் இடத்தைச் சொல்ல முடியாது.

இனி பாதையைக் கணிப்பது. சமன்பாடுகளைத் தலைகீழாகத் தீர்த்து ஒரே மூச்சில் விடையை எடுப்பார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். முதல் அடி மட்டும்தான் அப்படி. மூன்று இடங்கள் தெரிந்தால் நடு இடத்தில் வேகம் என்ன என்று சொல்லும் ஒரு வழியை அமெரிக்கரான கிப்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொடுத்தார். மூன்றும் மிக நெருக்கமாக இருந்தால் அந்த வழி தடுமாறும்; அதற்கு ஹெரிக் திருத்திய வடிவம் இருக்கிறது. இரண்டு இடங்களும் நடுவே கழிந்த நேரமும் தெரிந்தால் லாம்பர்ட்டின் வழி. எதை எடுத்தாலும் கிடைப்பது ஒரு முரட்டு உத்தேசம்.

அசல் வேலை அதற்குப் பிறகுதான். அந்த உத்தேசப் பாதையில் ஒரு கற்பனைச் செயற்கைக்கோளைக் கணினியில் ஓட விடுகிறார்கள். 10 மணி 4 நிமிடம் 12 நொடிக்கு ரேடார் இதைப் பார்த்திருந்தால் என்ன தூரம் காட்டியிருக்கும், என்ன கோணம் காட்டியிருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். ரேடார் உண்மையில் காட்டியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்துக்குத் துறையில் மிச்சம் என்று பெயர். ஆறு எண்களில் ஒவ்வொன்றையும் துளித்துளி அசைத்தால் மிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, எல்லா மிச்சங்களின் வர்க்கங்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாகும்படி எண்களைத் திருத்துகிறார்கள். மறுபடி ஓட்டுகிறார்கள். மறுபடி திருத்துகிறார்கள். நாலைந்து சுற்றில் மிச்சங்கள் அளவுப் பிசகின் மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடும். தூரத்துக்கு அதிக மதிப்பும் கோணத்துக்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது இங்கேதான் நடக்கிறது. கவுஸின் காலத்து மீச்சிறு வர்க்க முறைதான் இது. ஒவ்வொரு அளவும் வர வர உடனுக்குடன் திருத்திக்கொண்டே போகும் வடிவமும் உண்டு. 1960-ல் கால்மன் கொடுத்த வடிகட்டி அது.

மிச்சங்களைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு அவை நிறையச் சொல்லும். பூஜ்யத்துக்கு மேலும் கீழும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால் நல்லது; அது வெறும் இரைச்சல். வரிசையாக ஏறினாலோ வளைந்தாலோ, நாம் கணக்கில் சேர்க்காத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது: கடிகாரம் தப்பியிருக்கலாம், செயற்கைக்கோள் தன் எஞ்சினை இயக்கியிருக்கலாம், அல்லது பார்த்தது வேறொரு பொருளாக இருக்கலாம்.

எல்லாம் நல்லபடி நடந்து, மூன்றரை நிமிட அளவுகளிலிருந்து பாதையும் வந்துவிட்டது. வேகத்தில் நொடிக்கு ஒரு மீட்டர் மட்டும் பிசகு. 7,560 மீட்டரில் ஒரு மீட்டர். ஒரே கடப்பின் அளவுகளுக்கு இது மோசமில்லாத தேர்ச்சி. இதன் விளைவைப் பாருங்கள். வேகம் ஒரு மீட்டர் கூடுதல் என்றால் பாதையின் சராசரி உயரம் 1.8 கி.மீ. கூடுதல். உயரம் கூடினால் சுற்றிவர ஆகும் நேரமும் கூடும். அதனால் ஒவ்வொரு சுற்றிலும் நம் கணிப்பு 17 கி.மீ. தள்ளிப் போகும். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 15 சுற்று. மறுநாள் இதே நேரத்துக்கு நாம் “இங்கே இருக்கும்” என்று சொல்லும் இடத்துக்கும் அது இருக்கும் இடத்துக்கும் 260 கி.மீ. இடைவெளி. மணப்பாறைக்கு மேலே எதிர்பார்த்தது, அரை நிமிடம் முந்தியோ பிந்தியோ வந்துகொண்டிருக்கும்.

இதில் ஓர் ஆறுதல், பிசகு பக்கவாட்டில் பெரிதாக விலகுவதில்லை. தண்டவாளத்தை நாம் சரியாகத்தான் கண்டிருக்கிறோம். ரயில் எந்த மணிக்கு வரும் என்பதில்தான் தகராறு. பிசகு எல்லாம் போகும் திசையிலேயே நீண்டுகொண்டு போகிறது. அதனால் ரேடாரை அதே திசையில் திருப்பி வைத்துக்கொண்டு கொஞ்சம் முன்னதாகவே காத்திருந்தால் பொருள் வந்து சேரும்.

வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம் அடித்ததுதான். இந்த முறையும் கோணத்தில் அதே பத்தில் ஒரு பாகைப் பிசகு, அதே 1.3 கி.மீ. செயற்கைக்கோள் அந்த 1.3 கிலோமீட்டரை 0.17 நொடியில் கடந்துவிடும். அதாவது அது வந்த நேரத்தில் நமக்கு 0.17 நொடி சந்தேகம். ஆனால் நடுவே 15 சுற்று கழிந்திருக்கிறது. சந்தேகத்தைப் பதினைந்தால் வகுத்தால் ஒரு சுற்றுக்கு நூறில் ஒரு நொடி. அதை உயரமாக மாற்றினால் பத்துப் பதினைந்து மீட்டர். நேற்று 1.8 கி.மீ. பிசகாக இருந்தது, ரேடாரில் ஒரு திருகைக்கூட மாற்றாமல், நூறில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. முதல் நாளின் மூன்றரை நிமிடத்தில் ஆயிரம் அளவு எடுத்தாலும் இந்தத் துல்லியம் வராது. இரண்டாம் நாளின் ஓர் அளவு தருகிறது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் மிக நுட்பமான கருவி ஆண்டெனாவோ கணினியோ இல்லை, இரண்டு பார்வைகளுக்கு நடுவே விடும் இடைவெளி.

இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாமே என்றால், அங்கேயும் தடை இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரு சுற்று முடிக்க 96 நிமிடத்துக்குச் சற்று மேல். அதற்குள் பூமி 24 பாகை திரும்பிவிடும். இந்தச் சுற்றில் மணப்பாறைக்கு மேலே போனது, அடுத்த சுற்றில் அதே அட்சரேகையைச் சோகோத்ரா தீவுக்குத் தெற்கே அரபிக்கடலுக்கு மேலே கடக்கும். ஸ்ரீஹரிகோட்டாவுக்குத் தெரியாது. ஒரே ஒரு ரேடார் வைத்திருக்கும் நாட்டுக்கு ஒரு நாளில் சில கடப்புகள்தான் கிடைக்கும். அதற்குள் கணிப்பு மிகவும் தள்ளிப்போனால், வந்திருப்பது நேற்றைய பொருள்தானா, அதே வழியில் போகும் வேறொன்றா என்ற கேள்வி முளைக்கும். 10 செ.மீ.க்கு மேற்பட்ட அளவில் முப்பதாயிரத்துக்கும் அதிகமான பொருள்கள் சுற்றிக்கொண்டிருக்கும் வானத்தில் இது வீண் சந்தேகம் இல்லை. உடைந்த ராக்கெட் அடுக்கு ஒன்று உருண்டுகொண்டே போகும்போது அதன் எதிரொலி பெருத்தும் சிறுத்தும் வரும். சில சமயம் அதை வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

மற்றொரு தடை, பாதையே மாறிக்கொண்டிருக்கிறது என்பது. பூமி உருண்டையாக இருந்தால் நியூட்டனின் நீள்வட்டம் அப்படியே நிற்கும். பூமியின் இடுப்பு துருவங்களைவிட 21 கி.மீ. பருத்திருக்கிறது. அந்தப் பருமன் பாதையின் தளத்தையே மெல்லத் திருப்புகிறது. இந்தத் தொல்லையையே வசதியாக்கிக்கொண்டவை தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள்: பாதையின் சாய்வைத் தேர்ந்தெடுத்து, தளம் நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை திரும்பும்படி செய்துகொண்டால், ஆண்டு முழுதும் ஒரே உள்ளூர் நேரத்தில் ஊர்களைக் கடக்கலாம். ஈர்ப்பின் கணக்கு நமக்கு நன்றாகவே தெரியும், அதில் பயமில்லை.

பயம் காற்றில் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட், 1980 ஜூலை 18 அன்று 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைப் பாதையில் நிறுத்தியது. அடுத்த ஆண்டு மே 31-ல் போன ரோகிணிக்குப் பாதை எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக அமைந்துவிட்டது. பூமியை நெருங்கும் இடத்தில் உயரம் 186 கி.மீ.தான். அங்கே இருக்கும் அற்பக் காற்றே போதும். ஒன்பது நாளில் கீழே விழுந்து எரிந்துபோனது. 600 கி.மீ. உயரத்தில் காற்று இன்னும் எவ்வளவோ மெல்லியது. ஆனாலும் இருக்கிறது. சூரியன் சீறினால் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பும், இழுவை கூடும். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் சில நாளில் விழுந்தன. ஒரு வாரம் கழித்துச் சூரியன் என்ன செய்யும் என்று சொல்ல முடியாதவரை, தாழ்ந்த பாதைகளை ஒரு வாரத்துக்கு மேல் நம்பிச் சொல்ல முடியாது.

காற்றே இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்கு நம்முடைய சந்திரயான்-1 சாட்சி.

பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் 2008 அக்டோபர் 22 அன்று புறப்பட்டது. 2009 ஆகஸ்ட் 29 அன்று அதன் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அது நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று யாருக்கும் தெரியாது. கலம் ஒன்றரை மீட்டர் கனசதுரம். இருப்பது 3,80,000 கி.மீ. தூரத்தில், நிலவின் கூசும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில், தொலைநோக்கியால் ஆகாது. ரேடாருக்கு நான்காம் அடுக்கு விதி இருக்கிறது: 1,000 கி.மீ. தூரத்தில் இருந்து வருவதைவிட இந்த எதிரொலி 2,000 கோடி மடங்கு மெலிந்திருக்கும். அதோடு நிலவின் ஈர்ப்பு ஊருக்கு ஊர் மாறும். தரைக்கடியில் அடர்த்தியான பாறைத் திரள்கள் ஆங்காங்கே கிடந்து பாதையைக் கண்டபடி இழுக்கின்றன.

அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் மரீனா புரோசோவிச் தலைமையிலான குழு இதைத் தேடிய விதம் அழகானது. சந்திரயான்-1 துருவப் பாதையில் போனது. ஏழு வருடத்தில் அது பாதையில் எந்த இடத்தில் இருக்கும் என்பது தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் துருவப் பாதையில் போகும் எதுவும் ஒவ்வொரு சுற்றிலும் துருவத்துக்கு மேலே வந்துதானே ஆக வேண்டும்? ஆகவே தேடிப் போகவில்லை, வழியில் காத்திருந்தார்கள். 2016 ஜூலை 2 அன்று கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் உள்ள 70 மீட்டர் ஆண்டெனா, நிலவின் வட துருவத்துக்கு 160 கி.மீ. மேலே நுண்ணலைக் கற்றையைப் பாய்ச்சியது. எதிரொலியை மேற்கு விர்ஜீனியாவின் கிரீன் பாங்கில் உள்ள 100 மீட்டர் தொலைநோக்கி வாங்கிக்கொண்டது. போய்வர இரண்டரை நொடி.

நான்கு மணி நேரத்தில் ஏதோ ஒரு சிறு பொருள் கற்றையை இருமுறை கடந்தது. இரண்டு கடப்புகளுக்கும் நடுவே 2 மணி 8 நிமிடம். சந்திரயான்-1 ஒரு சுற்று வர ஆக வேண்டிய நேரமும் அதுதான். முதல் கடப்பு மட்டும் கிடைத்திருந்தால் அது ஏதோ ஒரு பொட்டு. இரண்டாவது வந்ததும் அதற்குச் சுற்றுக்காலம் வந்தது, பெயரும் வந்தது. பழைய கணக்கை முன்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது, பாதையின் வடிவமும் சாய்வும் எதிர்பார்த்தபடியே இருந்தன. கலம் மட்டும் பாதையில் ஏறத்தாழ அரைச் சுற்று தள்ளி இருந்தது. 2009-க்குப் பின் அது போட்டிருக்கக்கூடிய சுற்றுகள் சுமார் 28,000. பிசகு எல்லாம் போகும் திசையிலேயே நீளும் என்று மேலே பார்த்தோமே, அதேதான். அடுத்த மூன்று மாதங்களில் மேலும் ஏழு முறை பார்த்து உறுதி செய்தார்கள்; போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ ரேடாரும் கைகொடுத்தது. 2017 மார்ச்சில் செய்தி வெளியானது. செத்துப்போன கலம் கிடைத்ததில் என்ன பிரயோசனம் என்று அப்போது சிலர் கேட்டார்கள். நிலவுக்கு ஆளனுப்பப் போகிறவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இப்படிப் பொருள்களின் பாதையைக் கணிப்பது இஸ்ரோவுக்கு அன்றாட வேலையாகிவிட்டது. 2020 டிசம்பரில் பெங்களூரு பீனியாவில் விண்வெளி நிலவரக் கட்டுப்பாட்டு மையத்தை, அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் கே. சிவன் திறந்துவைத்தார். விண்வெளிப் பொருள்களைக் கண்காணிக்கும் நேத்ரா திட்டத்தின் தலைமையகம் அது. ஏவுவதற்கு முன்னும் கணக்கு, ஏவிய பிறகும் கணக்கு. விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3, 2023 ஜூலை 14 அன்று பிற்பகல் 2 மணி 35 நிமிடம் 17 நொடிக்குக் கிளம்பியது. திட்டமிட்டதைவிட நான்கு நொடி தாமதம். ஒரு பொருள் நெருங்கக்கூடும் என்று கணிப்பு காட்டியதால் தள்ளிவைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்த்த கோடிக்கணக்கானவர்களில் கவனித்தவர் எத்தனை பேரோ. நான்கு நொடியில் சுற்றுப்பாதைப் பொருள் ஒன்று 30 கி.மீ. போய்விடும். அந்தப் பொருளின் இடம் ஒரு கிலோமீட்டர் கணக்கில் தெரிந்திருந்ததால்தான் நான்கு நொடி போதுமானதாக இருந்தது. நூறு கிலோமீட்டர் சந்தேகம் இருந்திருந்தால் தள்ளிவைப்பு நொடிக் கணக்கில் முடிந்திருக்காது.

ஏவிய பிறகு வரும் கணக்கு இதைவிடப் பெரியது. அதே 2023-ல் இந்தியச் செயற்கைக்கோள்களை ஏதாவது ஒன்று நெருங்கக்கூடும் என்று அமெரிக்க விண்வெளிப் படைத்தலைமையிடமிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் எச்சரிக்கைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் எஞ்சினை இயக்கி ஒதுங்குவதென்றால் எரிபொருள் சில மாதங்களில் தீர்ந்துவிடும். எரிபொருள் தீர்ந்தால் செயற்கைக்கோளின் ஆயுளும் தீர்ந்தது. பெங்களூரில் அவற்றை எடுத்து, நம் செயற்கைக்கோள்களின் பாதை நமக்குத்தானே இன்னும் துல்லியமாகத் தெரியும் என்பதால் அந்த எண்களைப் போட்டு மறுபடி கணக்கிடுகிறார்கள். முதல் கணக்கில் மோதல் போலத் தெரிவதில் பெரும்பகுதி, தோசை சுருங்கியதும் தாராளமான இடைவெளியாக மாறிவிடுகிறது. அந்த ஆண்டு முழுதும் இந்தியச் செயற்கைக்கோள்கள் உண்மையில் ஒதுங்கிக்கொடுத்தது 23 முறை.